கயிறு தாங்கும், இடுப்பு தாங்காது: மீட்புக் கயிறு, முடிச்சு, ஹார்னஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி என்று எந்த ஊருக்குப் போனாலும் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு இருக்கும். பாறையை வெட்டி இறக்கிய ஆழக் கிணறுகள், பலவற்றுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. ஆடு விழும், மாடு விழும், சில சமயம் ஆளும் விழுந்துவிடுவார். உடனே ஊர் கூடும், கூடியவர்கள் முதலில் தேடுவது "நல்ல கனமான கயிறு". கயிறு கிடைத்ததும் தைரியமான ஒரு பையன் அதை இடுப்பில் சுற்றி ரெண்டு முடிச்சு போட்டுக்கொண்டு இறங்கத் தயாராகிவிடுவான், மேலே பத்துப் பேர் பிடித்துக்கொள்வார்கள்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். எல்லோருடைய கவலையும் கயிறு அறுந்துவிடுமோ என்பதில்தான் இருக்கிறது. உண்மையில் கயிறு அறுவதற்கு வெகு முன்னாலேயே உடைவது வேறு: ஆளின் விலா எலும்பு, முதுகெலும்பு, மூச்சு. அதனால் கயிற்று மீட்பு என்றால் என்ன என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். படித்துவிட்டு யாரும் கயிற்றோடு இறங்கிவிட வேண்டாம், அதற்குப் பயிற்சி வேண்டும். ஆனால் எது ஆபத்து என்று தெரிந்தால் ஊரில் ஒருவராவது "இருங்கப்பா, இப்படி வேண்டாம்" என்று சொல்ல முடியும்.

எடை வேறு, வெட்டு வேறு

தண்ணீர் சேந்தியவர்களுக்கு இது கைக்கே தெரியும். பதினைந்து கிலோ வாளி, சேந்துகயிறு, ராட்டினம். நிதானமாக இழுத்தால் வாளி பாட்டுக்கு மேலே வரும். பாதி வழியில் கை வழுக்கி, கயிறு சரசரவென்று ஓடி, அதை நீங்கள் வெடுக்கென்று பிடித்தால் என்ன ஆகிறது? உள்ளங்கை எரியும், தோள்பட்டை கழன்றது போல இருக்கும். வாளி அதே பதினைந்து கிலோதான். கையில் வந்த சுமை மட்டும் பல மடங்கு.

காரணம், விழுந்து வேகம் எடுத்த பொருளை நிறுத்த வேண்டியிருக்கிறது, அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் சுமையைத் தீர்மானிக்கிறது. கணக்கு ரொம்ப எளிது. ஒருவர் 100 செ.மீ. விழுகிறார், கயிறு அவரை அடுத்த 50 செ.மீ. தூரத்தில் நிறுத்துகிறது என்றால், நிறுத்தும்போது சராசரியாக அவர் எடையைப் போல 3 மடங்கு விசை வரும். அதே ஆளை 10 செ.மீ. தூரத்தில் சட்டென்று நிறுத்தினால் 11 மடங்கு. 80 கிலோ ஆள் என்றால் 880 கிலோ. இதுவும் சராசரிதான், உச்சம் இன்னும் மேலே போகும். இப்படித் திடீரென்று விழும் சுமையை இந்தக் கட்டுரை முழுக்க வெட்டு என்றே சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். மீட்பு ஆட்கள் விசையைக் கிலோவில் சொல்வதில்லை, கிலோநியூட்டனில் சொல்வார்கள். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை சும்மா தொங்கினால் வரும் இழுப்பு. கொக்கியிலும் பெல்ட்டிலும் பொறித்திருக்கும் எண் இதுதான்.

இப்போது ரெண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீட்புக்கான கயிறுகளுக்கு ஐரோப்பாவில் இ.என். 1891 என்று ஒரு தரவிதி இருக்கிறது, அதன் ஏ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். கீழே விழும் ஆளைத் தடுத்து நிறுத்தும் கருவிகளுக்கு அங்கே வைத்திருக்கும் எல்லையோ 6 கிலோநியூட்டன், அதுவும் அவர் முழு உடல் ஹார்னஸ், அதாவது தொடை, இடுப்பு, தோள் எல்லாவற்றையும் பிடிக்கும் நாடாச் சட்டகம், போட்டிருந்தால். கயிறு 22 வரை நிற்கும், உடம்புக்கு 6 தாண்டக்கூடாது. இடுப்பில் வெறும் கயிறு கட்டியிருந்தால் அந்த 6 கூட கிடையாது.

சுருக்கமாக: ஆளின் எடை கயிற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. தொய்வு, அதாவது கயிறு லூசாகக் கிடப்பதுதான் எதிரி, ஏனென்றால் தொய்வு இருந்தால்தான் விழ முடியும், விழுந்தால்தான் வெட்டு வரும்.

கயிற்றுக்குள்ளே என்ன இருக்கிறது

மீட்புக் கயிற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ரெண்டு பகுதி தெரியும். உள்ளே நீளவாக்கில் ஓடும் நைலான் இழைக் கட்டு, அதற்கு மேல் இறுக்கமாகப் பின்னிய ஓர் உறை. எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்கட்டு, உரசலை வாங்கிக்கொள்வது உறை. நம்மூர்த் தேங்காய் நார்க்கயிறோ மணிலாக் கயிறோ முறுக்கித் திரித்தது, அதில் சுமையைத் தாங்கும் இழையேதான் வெளியிலும் இருக்கிறது. ஒவ்வொரு உரசலும் பலத்தைத் தின்னும், ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே மக்கும், மக்கியது வெளியே தெரியவும் தெரியாது.

இந்த உறைபோட்ட கயிற்றிலும் ரெண்டு சாதி உண்டு. மலையேறுபவர்கள் கட்டிக்கொள்வது நீளும் கயிறு, விழுந்தால் நீண்டு கொடுத்து வெட்டைக் குறைக்கும். மீட்புக்கு வேண்டியது நீளாத கயிறு. நீளும் கயிறுதானே நல்லது என்று தோன்றும். கிணற்றுக்குள் முப்பது மீட்டர் கீழே கிடக்கும் ஆளைத் தூக்க வேண்டும் என்று வையுங்கள். நீளும் கயிறு ஓர் ஆள் எடைக்கே 10 சதவீதம் வரை நீளலாம், அப்படியானால் முதல் மூன்று மீட்டர் இழுப்பு முழுக்கக் கயிற்றை நீட்டுவதிலேயே போய்விடும், ஆள் தரையை விட்டு எழும்பியிருக்க மாட்டார். எழும்பியதும் மேலும் கீழும் ஆட ஆரம்பிப்பார், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கயிறு கல் விளிம்பில் தேயும். நீளாத கயிறு அப்படி ஆடாது. ஆனால் அதற்கு விலை உண்டு. வெட்டை அது வாங்கிக்கொள்ளாது, அப்படியே ஆளிடம் கொடுத்துவிடும். மீட்புக் குழு தொய்வே விடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பது இதனால்தான். இ.என். 1891 சோதனையையே பாருங்கள்: 2 மீட்டர் கயிறு, 100 கிலோ எடை, விழவிடுவது வெறும் 60 செ.மீ. அதற்கே 6 கிலோநியூட்டனைத் தொடாமல் இருந்தால்தான் தேர்ச்சி.

தோட்டத்தில் கிடக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு பாலிபுரோப்பிலீன். அது தண்ணீரில் மிதக்கும், அதனால் வெள்ளத்தில் தத்தளிப்பவருக்கு வீச நல்ல கயிறு. ஆளைத் தொங்கவிட அதைத் தொடவே கூடாது. 165 டிகிரி வாக்கில் உருகிவிடும், வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். நைலான் 220 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனாலும் தீக்கு நடுவில் அதுவும் போதாது, அதனால்தான் எரியும் கட்டடத்திலிருந்து தப்ப தீயணைப்பு வீரர்கள் இடுப்பில் வைத்திருக்கும் மெல்லிய கயிறை அரமிட் இழையில் செய்கிறார்கள். அது உருகாது, மிக அதிகச் சூட்டில் கருகும்.

நைலானுக்கு ஒரு பரம எதிரி பேட்டரி அமிலம். டிராக்டர் பேட்டரி வைக்கும் அறையிலேயே கயிறையும் மாட்டி வைப்பது நம் பக்கத்து வழக்கம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அமிலம் பட்ட இடத்தில் கயிறு நூல்போல அறும்.

முடிச்சு போட்டால் கயிறு இளைக்கும்

முடிச்சுக்குள் கயிறு வளைகிறது. வளைவின் வெளிப்பக்க இழைகள் விறைத்துக்கொள்கின்றன, உள்பக்க இழைகள் சும்மா கிடக்கின்றன. சுமையைச் சில இழைகளே தூக்குவதால் எந்த முடிச்சும் கயிற்றின் பலத்தைக் குறைக்கும். நன்றாகப் போட்ட எட்டு முடிச்சில் ஏறக்குறைய முக்கால் பங்கு மிஞ்சும், சாதாரண ரெட்டை முடிச்சில் பாதிக்கும் கீழே போய்விடலாம்.

ஆனால் பலம் குறைவது பெரிய கவலை இல்லை, ஏனென்றால் நல்ல கயிற்றில் மிச்சமே நிறைய இருக்கிறது. முடிச்சு அவிழ்வதுதான் கவலை. நாம் மூட்டை கட்டப் போடும் ரெட்டை முடிச்சின் ஒரு வாலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், முடிச்சு நேராகிப் பொசுக்கென்று உருவிக்கொண்டு வந்துவிடும். இதை நம்பி ஆளைத் தொங்கவிடக்கூடாது என்பதில் எந்த மீட்புப் பள்ளிக்கும் ரெண்டாவது கருத்து கிடையாது.

மீட்பில் அதிகம் புழங்குவது எட்டு முடிச்சு. கயிற்றில் ஓர் எட்டு போட்டு, வால் முனையை அந்த எட்டின் பாதையிலேயே திரும்பிப் பின்தொடர்ந்து வரச்செய்தால் கடைசியில் ஒரு வளையம் மிஞ்சும். இதன் பெரிய நன்மை கண்ணுக்குத் தெரிவது. சரியாகப் போட்டிருந்தால் எங்கு பார்த்தாலும் கயிறு ஜோடி ஜோடியாக, ஒன்றை ஒன்று தாண்டாமல் ஓடும். ஓர் இடத்தில் ஒற்றை இழை தெரிந்தால் தப்பு. இருட்டில், மழையில், பதற்றத்தில் இன்னொருவர் டார்ச் அடித்து ஒரே பார்வையில் சரிபார்த்துவிடலாம். வால் ஒரு சாணாவது மிஞ்ச வேண்டும்.

போலைன் என்று இன்னொன்று. சுமை ஏறியபின்னும் சுலபமாக அவிழ்க்கலாம், அதனால் மரத்தைச் சுற்றிக் கட்ட வசதி. அவிழ்க்கச் சுலபம் என்பதே அதன் குறையும்கூட, தொய்வில் ஆடினால் தளரும், வாலை இன்னொரு முடிச்சால் பூட்ட வேண்டும். மூன்றாவது பிரூசிக். ஆஸ்திரியாவின் கார்ல் பிரூசிக் 1931இல் மலையேறுபவர்களுக்குச் சொன்ன முடிச்சு. ஒரு மெல்லிய கயிற்று வளையத்தைத் தடித்த கயிற்றின்மேல் மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். சுமை இல்லாதபோது கையால் தள்ளினால் நகரும், சுமை விழுந்ததும் கவ்விக்கொண்டு அசையாது. இழுத்த கயிறு திரும்ப ஓடிவிடாமல் பிடித்துவைப்பது இதுதான்.

இந்த மூன்று தெரிந்தால் யூடியூபில் வரும் ஐம்பது முடிச்சும் வேண்டாம்.

எதில் கட்டுகிறோம், எதில் உரசுகிறது

விபத்துகள் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடம் இது, ஆனால் யாரும் பேசுவதில்லை.

கயிற்றின் மேல்முனையைக் கட்டும் இடத்தை ஆங்கர் என்கிறார்கள். தென்னந்தோப்புப் பக்கம் கிணறு என்றால் கை தானாகத் தென்னையைத் தேடும். ஆரோக்கியமான, தடித்த மரம் என்றால் சரி, ஆனால் நெஞ்சு உயரத்தில் கட்டக்கூடாது, அடியோடு கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் மரமே நெம்புகோலாகி வேரைக் கிளப்பும். கிணற்று ஓரத்து மரமென்றால் மண் அரித்து வேர் வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கயிறை அடிமரத்தில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிவிட்டால் உரசலே சுமையைப் பிடித்துக்கொள்ளும், முடிச்சுக்கு வேலையே இருக்காது, கயிற்றின் பலமும் குறையாது.

ரெண்டு மரத்தில் கட்டினால் சுமை பாதிப்பாதியாகப் பிரியும் என்று நினைக்கிறோம். அது ரெண்டு கயிறும் ஒன்றை ஒன்று ஒட்டி ஓடினால்தான். இடையில் 60 டிகிரி கோணம் இருந்தால் ஒவ்வொன்றிலும் 58 சதவீதம், 90 என்றால் 71, 120 டிகிரி ஆகிவிட்டால் ஒவ்வொரு மரமும் முழுச் சுமையைத் தாங்கும், ரெண்டாகப் பிரித்ததில் ஒரு லாபமும் இல்லை. அதற்கும் மேல் விரிந்தால் நஷ்டம்தான்.

இதன் உச்சம் குறுக்கே கட்டும் கயிறு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் பாலம் அடித்துக்கொண்டு போனபோது ஆற்றுக்கு மேலே கயிறு கட்டித்தான் ஆட்கள் அக்கரை போனார்கள். நம் கூடலூரிலிருந்து போன ஒரு செவிலியர் அந்தக் கயிற்றில் தொங்கியபடி கடந்துபோய் மருத்துவம் பார்த்தார், தமிழ்நாடு அரசு அவருக்கு அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்தக் காணொளியைப் பார்த்த பலர் கயிறு தொய்ந்து தெரிவதை நினைத்துப் பயந்திருக்கலாம். தொய்வு அங்கே வேண்டும். முப்பது மீட்டர் அகலத்தில் கட்டிய கயிற்றின் நடுவில் ஓர் ஆள் தொங்கும்போது அது மூன்று மீட்டர் தாழ்ந்தால், கயிற்றில் வரும் இழுப்பு அவர் எடையைப் போல ரெண்டரை மடங்கு. ஒன்றரை மீட்டர்தான் தாழ்கிறது என்றால் ஐந்து மடங்கு. எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ அவ்வளவு சுமை, கயிற்றுக்கும் ரெண்டு கரை ஆங்கருக்கும். கீழே தொங்கவிடும் கயிற்றில் தொய்வு எதிரி என்றேன், அது ஆள் விழக்கூடிய தொய்வு. இங்கே சுமை ஏற்கெனவே கயிற்றில் உட்கார்ந்திருக்கிறது, வளைவு அதைக் கரைகளுக்கு இதமாகப் பகிர்கிறது.

அப்புறம் விளிம்பு. தளர்ந்த நைலான் கயிறைக் கத்தியால் அறுக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். அதே கயிறு ஓர் ஆளின் எடையில் விறைத்து நிற்கும்போது கூரான கருங்கல் முனை பட்டாலே உறை பிளந்துகொள்ளும். அந்த ஆள் பக்கவாட்டில் ஆடினால் கல் ரம்பமாகிவிடும். தீயணைப்பு நிலையத்து ஆட்கள் செய்யும் ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: வீணான ஹோஸைத் துண்டாக வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கயிற்றின்மேல் சட்டை போல மாட்டிவிடுவார்கள், கயிறு அதற்குள் ஓடும், கல்லில் தேய்வது ஹோஸ்தான். அது இல்லாத இடத்தில் நாலாக மடித்த சாக்கு, அதையும் நழுவாமல் தனிக்கயிற்றால் கட்டிவைக்க வேண்டும்.

மீட்பின் நடுவில் கயிறே அறுந்ததும் உண்டு. 1980 ஜூனில் நியூயார்க்கில் ஒரு மீட்பின்போது கயிறு அறுந்து ரெண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதன் பின்னால்தான் அமெரிக்காவில் உயிர்காக்கும் கயிறுகளுக்கென்றே தனித் தரவிதி வந்தது: ஒருவருக்கு 300 பவுண்டு என்று வைத்து, அதைப்போல 15 மடங்கு, அதாவது 20 கிலோநியூட்டன், இருவருக்கு 40. இன்று எந்த நல்ல குழுவும் ஒரே கயிற்றை நம்புவதில்லை. ஆளைத் தூக்க ஒன்று, அது போனால் பிடிக்க இன்னொன்று, ரெண்டும் முடிந்தவரை வேறு வேறு ஆங்கரில்.

சுருக்கமாக: அடிமரத்தில் கட்டு, கோணத்தைக் குறுக்கு, விளிம்பை மூடு, கயிறு ரெண்டாக இருக்கட்டும்.

உடம்பில் எங்கே பிடிப்பது

ஹார்னஸ் என்பது அகலமான நாடாக்களால் ஆன ஒரு சட்டகம். தொடை ரெண்டிலும் வளையம், இடுப்பில் பட்டை, முழு உடல் ஹார்னஸ் என்றால் தோளிலும் பட்டை. ஆளின் எடையைத் தொடை, இடுப்பெலும்பு ஆகிய கெட்டியான இடங்களுக்கு அனுப்புவதும், தலைகீழாகாமல் நிமிர்ந்த நிலையில் வைப்பதும்தான் அதன் வேலை.

இடுப்புக் கயிறு இந்த ரெண்டையும் செய்யாது. தொங்கிய நொடியில் அது மேலே ஏறி விலாவுக்குக் கீழே இறுகும், உதரவிதானம் அசைய முடியாமல் மூச்சு முட்டும். மயங்கினால் உடம்பு மடங்கி ஆளே உருவி விழக்கூடும். விழுவதைத் தடுக்க வெறும் இடுப்பு பெல்ட் போடுவதை அமெரிக்காவில் கட்டுமான வேலைகளில் 1998 ஜனவரியிலிருந்தே தடைசெய்துவிட்டார்கள். அகலமான தோல் பெல்ட்டுக்கே அந்த கதி என்றால் விரல் தடிமன் கயிறு?

ஹார்னஸ் இல்லாத காலத்திலும் தீயணைப்புத் துறை இதை உணர்ந்தே இருந்தது. நம் வீரர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் சேர் நாட் முடிச்சில் ரெண்டு வளையம் வரும், ஒன்று அக்குளுக்குக் கீழே, மற்றது முழங்காலுக்குப் பின்னால், ஆள் நாற்காலியில் உட்கார்ந்தது போல வருவார். பாலக்காட்டுப் பக்கம் கிணற்றில் விழுந்தவர்களை ஃபயர் ஃபோர்ஸ் வலையில் வைத்துத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வலையில் எடை உடம்பு முழுக்கப் பரவுகிறது, அடிபட்டவரோ மயங்கியவரோ எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எளிய கருவி, ஆனால் அருமையான யோசனை.

2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே சேராட்டு மலையில் பாறை இடுக்கில் நாற்பது மணி நேரத்துக்கும் மேல் ஓர் இளைஞர் சிக்கியிருந்தது நினைவிருக்கும். ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவக் குழுவிலிருந்து ஒரு வீரர் கயிற்றில் அவரிடம் இறங்கி, முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகு ஹார்னஸ் மாட்டித் தன்னோடு இணைத்துக்கொண்டார், அதன் பிறகே மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். வெயிலில் சோர்ந்துபோன ஒருவரிடம் கயிறைப் போட்டு "பிடிச்சுக்கோ" என்றால் அவர் பிடிக்க மாட்டார், பிடிக்கவும் முடியாது.

ஹார்னஸிலும் ஓர் ஆபத்து உண்டு. அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கும். நடக்கும்போது கால்தசை சுருங்கிச் சுருங்கித்தான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது, தொங்கும் காலுக்கு அந்த வேலை இல்லை. சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், மயங்கித் தொங்கினால் உயிருக்கே ஆபத்து. நினைவோடு தொங்குபவர் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மற்றவர்கள் அவரைச் சீக்கிரம் இறக்க வேண்டும்.

இழுப்பது யார்

கிணற்று ராட்டினம் சுமையைக் குறைப்பதில்லை, இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது. சுமை குறைய, சுமையோடு சேர்ந்தே நகரும் உருளை ஒன்று வேண்டும். மீட்புக் குழுக்கள் கயிறை இசட் எழுத்து போல மடித்து ரெண்டு உருளையில் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு விசை போதும், உரசலில் கொஞ்சம் போகும். பதிலுக்கு ஒரு மீட்டர் தூக்க மூன்று மீட்டர் இழுக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆளின் கால் ஒரு கல் இடுக்கில் மாட்டிக்கொண்டால், கையால் இழுக்கும் ரெண்டு பேருக்கு அது உடனே தெரியும், கயிறு கனக்கும். பதினைந்து பேர் ஏலேலோ போட்டு இழுத்தால் யாருக்கும் தெரியாது, டிராக்டரில் கட்டி இழுத்தால் சுத்தமாகத் தெரியாது. டிராக்டரை ஆங்கராக வைக்கலாம், இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து. அதை ஓட்டி ஆளை இழுக்கவே கூடாது. உத்தரவு ஒருவர் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும், "நிறுத்து" மட்டும் யார் சொன்னாலும் செல்லும்.

வண்டி வரும்வரை

தமிழ்நாட்டுப் பக்கமானாலும் கேரளப் பக்கமானாலும் 101 அல்லது 112. அழைத்த பிறகு யாரையும் இறங்கவிடாதீர்கள். பயன்படாத கிணற்றில் ஆக்சிஜன் இல்லாமலோ விஷவாயு தேங்கியோ இருக்கலாம், முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் அங்கேயே விழுவார், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவார். விளிம்பிலிருந்து கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள், அவர்கள் காலில் உருளும் ஒரு சின்னக் கல் கீழே இருப்பவர் தலையில் விழும்.

உள்ளே இருப்பவர் தண்ணீரில் நினைவோடு இருந்தால், மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இறக்கி, மேல்முனையை எதிலாவது கட்டிவிடுங்கள். மிதக்கத்தான் அது, இழுக்க இல்லை. இழுக்கச் சொல்லி அவரே கெஞ்சினாலும் இழுக்காதீர்கள், பாதி உயரத்தில் கை விட்டுவிடும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். போனில் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: கிணறு எவ்வளவு ஆழம், தண்ணீர் எவ்வளவு, எத்தனை பேர் உள்ளே, பேச்சுக் கொடுத்தால் பதில் வருகிறதா, பக்கத்தில் மரமோ மோட்டார் ரூமோ உண்டா, வண்டி தோட்டத்துக்குள் எதுவரை வரும். ஒரு பையனை பைக்கோடு ரோட்டு முக்கில் நிறுத்துங்கள், தென்னந்தோப்புக்குள் வழி தேடியே வண்டிக்குப் பத்து நிமிடம் போய்விடும்.